இடது ஓரத்து ஆணி

என் மனைவி ஜுலைஹா, டாக்டர்.
கீழக்கரையில் கயிறும் தூண்டிலும் பெயிண்டும்
விற்கிறவன் நான்.
இருபத்தொன்பது வருடமாக என் பெயர்
டாக்டரம்மா மாப்பிள்ளை.

அவள் பஜ்ர் தொழுது பாயைச் சுருட்டும்போதே
வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும்.
முதலில் பாசி எடுக்கும் பெண்கள்.
விரலுக்குச் சுற்றிய துணியும் கிழிந்து
துணிக்குள் விரலும் கிழிந்து.
"ரெண்டு நாள் தண்ணில இறங்காம இருங்க."
அவர்கள் சிரிப்பார்கள்.
அவளும் சிரித்துவிட்டு
ஊசியை எடுப்பாள்.

டோக்கன் கொடுப்பது எங்கள் மகன் அமான்.
பிறந்த அன்றே அவன் கண்ணின் சாய்வைப் பார்த்து
அவளுக்குத் தெரிந்துவிட்டது.
எனக்கு மூன்று நாள் கழித்துச் சொன்னாள்.
அந்த மூன்று நாளை எங்கே வைத்திருந்தாள்
என்று இதுவரை கேட்டதில்லை.
இப்போது அவனுக்கு இருபத்தாறு.

ஐம்பது பித்தளை வில்லைகள்,
ஆணி வரிசையில் தொங்கும்.
எண் அவனுக்குப் பிடிபடவில்லை,
முகம் பிடிபடும்.
இடது ஓரம் அவசரம், அவ்வளவுதான் பாடம்.
மூச்சு இழுக்கிற பிள்ளைக்கு இடது ஓரம்.
வயிற்றைப் பிடித்துக் குனிந்தவருக்கு அதற்கடுத்தது.
சட்டை மடிப்புக் கலையாமல் வந்த
நகராட்சி ஆளுக்கு நாற்பத்தி நாலு.
அவர் சத்தம் போட்டார்.
"டோக்கன் சரியாத்தான் இருக்கு" என்றாள் உள்ளிருந்து,
பார்க்காமலே.

ஒரு நோன்புப் பெருநாள்.
பள்ளிவாசல் தொழுகை முடிந்து ஊரே
கட்டித் தழுவிக்கொண்டிருந்த நேரம்.
முத்துப்பேட்டை சிலுவைராயனைத் தூக்கி வந்தார்கள்,
கணுக்காலில் திருக்கை முள்.
ஆள் கத்திய கத்தலில்
ஆடு இல்லாத தெருவிலும் ஆடு மிரண்டிருக்கும்.
அந்த விஷத்துக்குச் சூடுதான் எதிரி.
பெருநாள் சேலையோடு அடுப்படிக்கு ஓடினாள்.
அரிசி போடக் காத்திருந்த உலையை
அண்டாவில் கொட்டி, பச்சைத் தண்ணீர் கலந்து,
தன் முழங்கையை விட்டுப் பார்த்து,
பிறகு அவன் காலை.
ஆற ஆற ஊற்றி ஒன்றரை மணி நேரம்.
கத்தல் முனகலாகி
முனகல் பேச்சாகி
"ஏலக்கா வாசம் வருதும்மா" என்றான்.
வராமல் என்ன செய்யும்.
அன்று எங்களுக்குச் சோறு நாலு மணிக்கு,
அவனுக்கும்.

அவள் கடன் எழுதமாட்டாள்.
நான் எழுதினேன்,
கயிற்றுக் கணக்கு நோட்டின் பின்பக்கம்,
பதினோரு வருடக் கடன்.
ஒரு ரமலானின் கடைசிப் பத்தில் கண்டெடுத்தாள்.
திருடன்போல் நின்று நான் சொன்னேன்:
இதைத் தள்ளிவிட்டு ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாம்.
யோசித்தாள். ஆலிமிடம் கேட்டு வரச் சொன்னாள்.
"வராத கடனை விடுறது ஜகாத் ஆகாது,
கையிலேர்ந்து போகணும்" என்றார் அவர்.
நிம்மதியாகத் திரும்பி வந்தேன்,
நோட்டு பிழைத்தது என்று.

"அப்படியா. சரி, ரெண்டையும் செஞ்சிருவோம்."
அன்றிரவு சோப்பு நுரையில்
இரண்டு வளையல் கழன்றன.
நோட்டைக் கிழிக்கவில்லை.
மீதித் தாளில் படம் வரைய
அமானுக்குக் கொடுத்தாள்.
யார் பெயர் மேலெல்லாமோ இப்போது
பச்சை நிற மீன்கள்.

போன ஐப்பசியில் ஒரு காலை
நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன்.
வாய்வு என்றுதான் நினைப்பு,
இடது தோளில் கொஞ்சம்.
வீட்டு ஆளுக்குச் சலுகை இல்லை,
நாற்பதுக்கு மேல்தான் கிடைக்கும் என்று
பேப்பரும் கொண்டுபோயிருந்தேன்.
அமான் வந்தான்,
பாசிக்காரப் பெண்களைத் தாண்டி.
"வாப்பா" என்றான்.
முகத்தைப் பார்த்தான்.
நான் சிரித்துக் காட்டினேன்.
அவன் சிரிக்கவில்லை.
இடது ஓரத்து ஆணிக்குப் போனான்.